‘எனக்கு வேணும்’: ஒரு மொழிபெயர்ப்புப் பிழையை முன்வைத்து

1

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசியில் கொடியேறி, டிசம்பர் 3 வாக்கில் தேரோட்டத்தோடு முடியும். மாவட்டத்துக்கே அன்றைக்கு லீவு. பத்து நாளும் ஒலிபெருக்கியில் சவேரியார் கதை கேட்டு வளர்ந்தவன் நான். வடுகர் படையைச் சிலுவையோடு போய்த் தனியாளாக நிறுத்திய சவேரியார், செத்தவனை எழுப்பிய சவேரியார், போகிற ஊரிலெல்லாம் அந்த ஊர்ப் பேச்சைத் தானாகப் பேசிய சவேரியார். சின்ன வயசில் இந்தக் கடைசி அற்புதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வராமல் அடி வாங்கிக்கொண்டிருந்த பையனுக்கு அது பெரிய ஆறுதல்.

பிறகு எம்.ஏ. தமிழ் முடித்து, வேலையில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் சவேரியாரின் கடிதங்களை ஆங்கில வழியாகப் படித்தேன். அந்தச் சவேரியாரும் நான் ஒலிபெருக்கியில் கேட்ட சவேரியாரும் வேறுவேறு ஆட்கள். கடிதங்களில் இருப்பவருக்குத் தமிழ் வராது. அதை அவர் மறைக்கவுமில்லை. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு எழுதும்போது, இந்த மக்களின் தாய்மொழி மலபார், தன்னுடையது பாஸ்க், அதனால் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். மலபார் என்று அவர் சொல்வது தமிழைத்தான். போர்த்துக்கீசியரின் கப்பலில் வந்தாலும் அவர் போர்த்துக்கீசியர் அல்லர்; நவார் நாட்டில் 1506இல் பிறந்த பாஸ்க் மொழிக்காரர். ஆக, முத்துக்குளித்துறைக்கு 1542 அக்டோபரில் வந்து சேர்ந்தவர் இரண்டு மொழி தாண்டி வந்தவர்.

அவர் செய்த ஏற்பாடு இது. இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்த உள்ளூர் ஆட்களைக் கூட்டிவைத்துப் பல நாள் பாடுபட்டு மந்திரங்களைத் தமிழில் ஆக்கினார். அதை மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். நாளுக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடுவார்கள். விசுவாச மந்திரத்தை ஒவ்வொரு பிரிவாக அவர் சொல்வார், விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார், அவர்கள் நெஞ்சில் கைகளைக் குறுக்காக வைத்து ஆமென்பார்கள்.

சொல்கிறவருக்கு மொழி தெரியாது. கேட்கிறவர்களுக்கு மொழி தெரியும், விஷயம் தெரியாது. இந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி.

2

1544இல் சவேரியார் நமது கடற்கரையில் தம்மோடு வேலை பார்த்த பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்ற போர்த்துக்கீசியருக்கு எழுதிய சிறு கடிதங்கள் பல கிடைத்துள்ளன. பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்: யாருக்குப் பணம் கொடுக்க வேண்டும், எந்த ஊரில் கோயில் கட்ட வேண்டும், யார் குடித்துவிட்டுத் தகராறு பண்ணுகிறார்கள். அதில் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாச மந்திரத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது தப்பு. ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருள். இனிமேல் விசுவாசம் என்ற சொல்லை வைத்துச் சொல்லவும் என்கிறார். கூடவே இன்னொன்று. கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில் ‘வம்பினாலே’ அல்லது ‘வன்பினாலே’ என்று நாம் வாசிக்கத்தக்க ஒரு சொல்லை எடுத்துவிடச் சொல்கிறார். அது பலவந்தத்தால் என்று பொருள் தருகிறதாம். கிறிஸ்து தம் மனசாரத்தான் பாடுபட்டார், பலவந்தத்தால் அல்ல.

அதாவது ஏறக்குறைய இரண்டு வருஷம், மணியடித்துக் கூட்டிய கூட்டத்துக்கு முன்னால், ‘நான் விசுவசிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லப்பட்டிருக்கிறது. கூட்டமும் திருப்பிச் சொல்லியிருக்கிறது. இதைப் படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை.

இலக்கணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ‘நான் விசுவசிக்கிறேன்’ என்பதில் நான் எழுவாய். வினைமுற்றின் இறுதியில் ‘ஏன்’ விகுதி நின்று அந்த நானை இன்னொருமுறை உறுதிசெய்கிறது. செயல் என்னிடமிருந்து கிளம்புகிறது. ‘எனக்கு வேணும்’ அப்படியல்ல. ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை. ‘வேணும்’ என்ற வினையில் ஆளைக் காட்டும் விகுதியே கிடையாது. எனக்கு வேணும், உனக்கு வேணும், அவர்களுக்கு வேணும், எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும் என்பவற்றின் குடும்பம் அது. இங்கே ‘நான்’ செய்கிறவன் அல்ல, ஏதோ ஒன்று வந்து சேருகிற இடம்.

ஆகவே சவேரியாரின் திருத்தம் ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைத்த காரியம் மட்டுமல்ல. நான்காம் வேற்றுமையிலிருந்த ஒருவனை எழுவாயாக்கிய காரியம். ‘நான் இன்னதை விசுவசிக்கிறேன்’ என்று கூட்டத்துக்கு நடுவில் நின்று தன் உள்ளத்தைப் பற்றித் தானே சாட்சி சொல்லுகிற ஒரு தன்னிலையை அந்த மந்திரம் கோருகிறது. பாவசங்கீர்த்தனம் எப்படி மேற்கில் ‘தன்னைப் பற்றி உண்மை பேசும் மனிதனை’ உருவாக்கியது என்று ஃபூக்கோ சொன்னது இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. நம் கடற்கரையில் அந்தக் காரியம் ஒரு வேற்றுமை உருபில் தொடங்கியிருக்கிறது. 1580இல் கொச்சியில் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே தமிழில் ஒரு கைநூல் அச்சானது இதன் தொடர்ச்சி.

3

இப்போது மறுபக்கத்திலிருந்து கேட்டுப் பார்க்கலாம். ‘எனக்கு வேணும்’ என்று அந்தக் கரையில் முதலில் மொழிபெயர்த்தவர்கள் முட்டாள்களா? தமிழில் வழிபாட்டுக்கே ‘வேண்டுதல்’ என்று ஒரு பெயர் உண்டு. கோட்டாற்றில் உப்பும் மிளகும் நேர்ச்சை போடுகிறவர்கள் செய்வது வேண்டுதல்தான். கடவுளோடு ஒருவனுக்குள்ள உறவை ஒரே சொல்லில் சொல் என்றால், அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் கரையில் பலர் ‘வேணும்’ என்ற பக்கம்தான் போவார்கள். விசுவாசம் வடமொழிச் சொல். நன்றியுள்ள வேலைக்காரனுக்கும் நாய்க்கும் நாம் கொடுக்கிற சொல். ‘இது உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொருளை அதற்குள் ஏற்றப் பின்னால் பல தலைமுறை உபதேசம் வேண்டியிருந்தது.

இன்னொரு தளத்திலும் ‘வேணும்’ பொய்யல்ல. முத்துக்குளித்துறைப் பரவர்கள் 1530களின் நடுவில் ஞானஸ்நானம் பெற்றது, முத்துச் சலாபத்தில் தங்களை நெருக்கிய வணிகர்களுக்கும் அவர்கள் கூட்டாளிகளுக்கும் எதிராகப் போர்த்துக்கீசியக் கப்பற்படையின் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக. சவேரியார் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே அந்த ஒப்பந்தம் நடந்துவிட்டது. 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கரையில், அதாவது இன்றைய குமரி மாவட்டக் கரையும் அதற்கு வடக்கேயும், ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே எழுதுகிறார். ஆளாளுக்குப் புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்தாராம். ஊருக்கு ஊர் மந்திரங்களின் பிரதியொன்றை விட்டுவிட்டுப் போனாராம். பத்தாயிரம் பேருக்கும் என்ன விளங்கியது?

இந்தக் கேள்வி எங்கள் மாவட்டத்தில் வெறும் புத்தகக் கேள்வி அல்ல. 1982 மண்டைக்காடு கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் பார்த்த ஊர் இது. ஒரு தரப்பு, ‘ஒன்றும் விளங்காத ஜனங்களை ஏமாற்றித் தண்ணி தெளித்துவிட்டார்கள்’ என்கிறது. இன்னொரு தரப்பு, ‘பரிசுத்த ஆவி விளங்கவைத்தது’ என்கிறது. இரண்டு பேச்சிலும் கரைக்காரன் ஒன்றுமில்லை. ஒன்றில் ஏமாளி, மற்றதில் பாத்திரம். ‘எனக்கு வேணும்’ என்று சொன்னவனுக்கு என்ன வேண்டியிருந்தது என்று இரண்டு பேரும் கேட்பதில்லை. அவனுக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. நிலத்துக்கார மேல்சாதிக்காரனுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க ஒரு துணை வேண்டியிருந்தது. கடலில் போகிறவனுக்குக் கூப்பிட ஒரு பெயர் வேண்டியிருந்தது. இதெல்லாம் தெரிந்தேதான் அவன் கேட்டான். கேட்டது முழுக்கக் கிடைத்ததா என்பது வேறு கதை.

4

சவேரியாருக்கு 1622இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அடுத்த வருஷம் வெளியான ஆணையிலேயே பன்மொழி பேசும் வரம் அவர் அற்புதங்களில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அவருடைய கடிதமோ வேறு சொல்கிறது. 1544 ஆகஸ்டில் மொழிபெயர்ப்பாளர் உடம்புக்கு முடியாமல் மணப்பாட்டில் கிடக்க, தாம் தனியாக மாட்டிக்கொண்டதை மான்சிலாஸுக்கு எழுதுகிறார். நான் பேசுவது இவர்களுக்கு விளங்கவில்லை, இவர்கள் பேசுவது எனக்கு அதைவிட விளங்கவில்லை, என் பிரசங்கம் எப்படியிருக்கும் என்று நீயே நினைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ஏழைகளின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளவும் மட்டும் துபாசி தேவைப்படவில்லை என்கிறார். எனக்கு அந்த அற்புதம் செய்கிற சவேரியாரைவிட இந்த வாய் திக்குகிற சவேரியாரை ரொம்பப் பிடித்துப்போனது.

மொழி வரம் என்ற அற்புதம் செய்கிற வேலை என்ன? அது துபாசிகளை மறைக்கிறது. கோவாவில் படித்துவிட்டு அவரோடு கூட வந்த கடற்கரைப் பையன்கள், நோயில் கிடந்த அந்த ஆள், பல நாள் கூடியிருந்து மந்திரத்தைத் தமிழாக்கியவர்கள், ‘சாமி, வேணும்ணு சொன்னா அர்த்தம் வேற’ என்று யாரோ ஒருநாள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமே அந்த யாரோ, இவர்கள் எல்லாரும் அற்புதத்துக்குள் கரைந்துவிட்டார்கள்.

இதே அற்புதத்தின் மதச்சார்பற்ற வடிவம் ஒன்று நம் தமிழ்த் துறைகளில் இருக்கிறது. அதன் பெயர் ‘ஐரோப்பியர் தமிழ்ப்பணி’. எனக்கும் அது ஒரு பாடம். வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என்று வரிசையாக எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்த வரிசையில் தமிழர்கள் கிடையாது. பாதிரியார் வந்தார், தமிழ் கற்றார், தொண்டாற்றினார். யாரிடம் கற்றார் என்பது ஒருமுறைகூட வினாத்தாளில் வந்ததில்லை.

ஆதாரம் இல்லாமலில்லை. 1554இல் லிஸ்பனில் ஒரு ஞானோபதேசச் சிறுநூல் அச்சாகியது. தமிழை ரோமன் எழுத்தில் தந்து, கூடவே போர்த்துக்கீசியமும் கொடுத்த நூல். அச்சேறிய முதல் தமிழ் அதுதான். அதன் மொழிபெயர்ப்பாளர்கள் மூன்று பேர்: வின்சென்ட் த நாசரேத், ஜார்ஜ் கர்வால்யோ, தோமா த குரூஸ். பெயர் போர்த்துக்கீசியப் பெயர்; ஆட்கள் நம் பக்கத்தவர்கள். ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் என்பதால் நம் இலக்கிய வரலாறு அவர்களைத் தமிழர் என்றும் சேர்க்கவில்லை, ஐரோப்பியர் என்றும் சேர்க்கவில்லை.

அண்டிரிக்கு அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றீக்கஸ் விஷயமும் இப்படித்தான். 1547இல் இந்தக் கரைக்கு வந்து, சவேரியாரால் முடியாததைச் செய்தவர் அவர். துபாசியில்லாமல் பேசக் கற்றார். தமிழுக்குப் போர்த்துக்கீசியத்தில் இலக்கணம் எழுதினார். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூலாக நமக்குக் கிடைத்திருக்கும் ‘தம்பிரான் வணக்கம்’, 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் வெளிவந்த பதினாறு பக்கப் புத்தகம், அவர் மொழிபெயர்ப்பு. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஆசையில்லை. ஆனால் அவருக்கும் பேரோ லூயிஸ் என்ற ஞானஸ்நானம் பெற்ற பிராமண இளைஞர் தமிழில் துணை நின்றார். இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர் அவரே. அவர் பெயரையாவது தேடினால் கிடைக்கிறது. அவர் படித்த சாதி. தெருவில் நின்று உச்சரிப்பைத் திருத்திய மீன்காரியின் பெயர் எங்கே கிடைக்கும்?

5

இது ஏதோ பதினாறாம் நூற்றாண்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். என் சித்தி மகன் ஒருத்தன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் குடியிருப்பில் பக்கத்து வீடுகளில் மெக்சிகோக்காரர்கள் அதிகம். வெள்ளைச் சட்டையும் டையும் மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் அடிக்கடி அங்கே வருவார்களாம். மார்மன்கள் என்று பொதுவில் சொல்லப்படுகிற சபை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இன்று தலைமையிடம் யூட்டாவில் இருக்கிறது. அந்தச் சபையில் இளைஞர்கள் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போகிறார்கள், பெண்கள் என்றால் பதினெட்டு மாசம். எந்த ஊர், எந்த மொழி என்று சபைதான் முடிவு செய்யும். எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். புரோவோ என்ற ஊரில் அவர்களுக்கென்று ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. சில வாரம் மொழி படித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்பானிஷில் அவர்கள் வேதநூலின் சில பகுதிகள் 1875இலும் முழுசாக 1886இலும் வந்துவிட்டன. அமெரிக்காவுக்குள்ளேயே ஸ்பானிஷ் பேசும் சபைகள் அவர்களுக்கு நிறைய.

சித்தி மகன் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான். அந்தப் பையன்களில் ஒருத்தன் ஏதோ தப்புக்கு வெட்கப்பட்டு, ‘எனக்குச் சங்கடமாகிவிட்டது’ என்று சொல்லப் பார்த்திருக்கிறான். ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கிறதே என்று ‘எம்பராசாதோ’ என்றிருக்கிறான். ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்குக் கர்ப்பம் என்று பொருள். வீட்டுக்கார அம்மாள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பையனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, சரியான சொல்லை மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாளாம். ‘அவன் அவளை ரட்சிக்க வந்தான், அவ அவனுக்கு ட்யூஷன் எடுத்து அனுப்பிட்டா’ என்றான் சித்தி மகன்.

மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் 1544இல் நடந்ததும் இதுதானே. ஒரு வித்தியாசம் உண்டு. மார்மன் சபையில் ஊர்ச் சபையை நடத்தச் சம்பளக்காரக் குரு கிடையாது. வேறு வேலை பார்த்துக்கொண்டே பிஷப்பாக இருக்கிறவர் அந்தச் சபை மக்களில் ஒருவர். ஆகவே அந்தப் பையன் தப்பாகப் பேசினால் திருத்துகிற உரிமை எதிரே இருக்கிறவர்களுக்கு இருக்கிறது. நம் கரையில் திருத்தியவர்கள் இருந்தார்கள், திருத்துகிற உரிமை இருக்கவில்லை. திருத்தம் சவேரியாரின் கடிதத்தில் சவேரியாரின் திருத்தமாகத்தான் பதிவாகியிருக்கிறது.

பிலிப்பைன்ஸில் ஸ்பானியப் பாதிரியார்களையும் தகாலாக் மக்களையும் பற்றி விசென்ட் ரஃபேல் 1988இல் ஒரு புத்தகம் எழுதினார். தனக்கு விளங்காத பிரசங்கத்தைக் கேட்கிற ஜனங்கள், அதிலிருந்து தெரிந்த ஒன்றிரண்டு சொற்களைத் தூண்டில் போட்டுப் பிடித்து, அதைச் சுற்றித் தங்கள் சொந்த அர்த்தங்களைக் கட்டிக்கொண்டார்கள் என்பது அவர் வாசிப்பு. எங்கள் கரைக்கு இது உவமையே அல்ல, தொழில். ஆனாலும் இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். அடிமட்ட மக்கள் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டார்கள், எதிர்ப்பாகவே மொழிபெயர்த்தார்கள் என்று இப்போது எழுதுவது சுலபம். அப்படி எழுதினால் பழைய அற்புதத்துக்குப் பதில் புது அற்புதம். ‘எனக்கு வேணும்’ எதிர்ப்பு அல்ல. தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாததைத் தொட்டுப் பார்த்த முயற்சி. தவறாகவும் இருக்கலாம். அந்தத் தவறுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு என்பதுதான் நான் சொல்ல வருவது.

6

என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. மந்திரம் எல்லாம் மனப்பாடம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) அப்புறம் லத்தீன் பூசை தமிழாயிற்று. அதோடு பழைய தமிழ் மந்திரங்களும் படிப்படியாக மாறின. சருவேசுரன் போனார், பிரியதத்தம் போய் அருள் வந்தது, மந்திரம் என்ற சொல்லே போய்ச் செபமும் அறிக்கையும் வந்தன. நல்ல தமிழ்தான். ஆனால் பாட்டி கடைசிவரை பழையதையே சொன்னாள். கோயிலில் எல்லாரும் புதுசைச் சொல்லும்போது அவள் குரல் மட்டும் அரை வரி பிந்தி வரும். பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

நான் எம்.ஏ. படிக்கும்போது ஒருநாள் அவளை உட்காரவைத்துப் புது விசுவாச அறிக்கையைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். பொருளும் விளக்கினேன். விசுவாசம் என்றால் என்ன தெரியுமா என்று பரீட்சை வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, ‘எனக்கு அதொண்ணும் தெரியாது மக்ளே. கடலுக்குப் போன ஆளு திரும்பி வரணும். அதுக்கு எனக்கு அவரு வேணும். நீ படிச்சவன், நீ செல்லு’ என்றாள். நான், ‘அப்படியில்ல பாட்டி’ என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

மான்சிலாஸுக்கு எழுதிய அந்தக் கடிதத்தை நான் படித்தது அவள் செத்து நாலு வருஷம் கழித்து. கையில் மணி இல்லை, அவ்வளவுதான். மற்றபடி அன்றைக்கு நான் செய்துகொண்டிருந்ததும் அதே வேலை. சவேரியாருக்காவது மொழி தெரியாது. எனக்கு அவள் பேசியது தாய்மொழி.